உங்கள் தத்துக் கோப்பைக் கேட்டு வாங்குவது எப்படி

தத்துப் போய் வளர்ந்து ஆளான பிறகு பழைய விவரம் தேடி, தங்களைத் தத்துக் கொடுத்த மையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "எங்க அம்மா பேரு என்னன்னு மட்டும் சொல்லுங்க." மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதற்கு வாய் திறக்க முடியாது. சொல்ல முடியாது என்பார். வந்தவர் உடைந்துபோய்த் திரும்புவார். பல பேருடைய தேடல் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

தென் மாவட்டம் ஒன்றில் சிறப்புத் தத்துவள மையத்தில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோப்புகளை எழுதியதும் நான்தான், பிற்பாடு அவற்றைத் தேடி வந்த பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டியதும் நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெயரைத் தர மறுக்கலாம், அதற்காகக் கோப்பையே மூடி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. எந்த நாளில் வந்தீர்கள், யார் கொண்டுவந்தார்கள், எவ்வளவு எடை இருந்தீர்கள், என்ன காரணம் சொல்லி விட்டார்கள், எல்லாம் காகிதத்தில் இருக்கும். ஒவ்வொரு காகிதத்தையும் அதன் பெயர் சொல்லி, எழுத்தில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்புவது எளிதல்ல.

சட்டம் உங்களுக்கு எவ்வளவு இடம் தருகிறது

இளைஞர் நீதிச் சட்டம் 2015 குழந்தைகள் பற்றிய விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அலுவலகங்களில் முதலில் நீட்டிக் காட்டுவது அதைத்தான். ஆனால் அதே சட்டத்தின் கீழ் 2022 செப்டம்பரில் வெளியான தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 'ரூட் சர்ச்', அதாவது தன் பிறப்பின் வேரைத் தேடுவது, என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. 2017 ஒழுங்குமுறைகளிலும் இருந்தது. தத்துப் போனவர் வந்து கேட்டால், தத்துவள மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாநில தத்துவள ஆதார மையம், டெல்லியில் உள்ள மத்திய தத்துவள ஆணையமான காரா, வெளிநாட்டு முகமை, இந்தியத் தூதரகம் என யாரிடம் கேட்டாலும் அவர்கள் உதவ வேண்டும் என்கிறது அந்த விதி. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்க்கும் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

பெற்றவர் ஒப்படைக்கும்போதே "என் பெயரைச் சொல்லக் கூடாது" என்று கேட்டிருந்தால், மையமோ குழந்தைகள் நலக் குழுவோ இப்போது அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, ஆளே அகப்படாவிட்டாலோ என்ன செய்வது? எந்தக் காரணத்தால், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. இந்த வரியை மனதில் அழுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா சம்மதிக்கவில்லை, அதனால் ஒன்றும் தர முடியாது" என்று யாராவது சொன்னால், பதிலுக்கு எடுத்துக் காட்ட வேண்டியது இதைத்தான்.

இது புதிதாக முளைத்த சலுகையும் அல்ல. 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை பக்குவ வயதுக்கு வந்தபின் பெற்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் அதைச் சொல்வதற்குப் பெரிய ஆட்சேபம் இருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. வெளிநாட்டுத் தத்து பற்றிய வழக்குதான் அது. ஆனாலும் நம் நாட்டில் தத்து நடைமுறை ஒழுங்குக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

முதலில் வீட்டு பீரோ

அலுவலகத்துக்குப் போகும் முன் வளர்த்த அப்பா அம்மாவிடம் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் தேட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களைப் பற்றிய மிக நல்ல ஆவணங்கள் அநேகமாக அவர்கள் பீரோவில், நகைப் பெட்டிக்குக் கீழே ஒரு அட்டைக் கோப்பில் இருக்கும். நீதிமன்ற உத்தரவு, வக்கீல் எழுதிய கடிதம், மையம் கொடுத்த ரசீது, குழந்தையை ஒப்புக்கொண்டதற்கான கையெழுத்துத் தாள், தடுப்பூசி அட்டை.

தடுப்பூசி அட்டையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் மையத்தில் உங்களுக்கு வைத்திருந்த பெயர் அதில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயர் மாறியிருக்கும். மையத்தின் பதிவேட்டில் உங்களைத் தேட அந்தப் பழைய பெயர் வேண்டும், இப்போதைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிசிஜி போட்ட தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த ஓரிரு நாளில் போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த ஆஸ்பத்திரி என்று அட்டையின் தலைப்பே சொல்லக்கூடும்.

உத்தரவு கிடைத்தால் வழக்கு எண், நீதிமன்றம், தேதி மூன்றையும் தனியாக எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

எந்த வழியில் தத்துப் போனீர்கள்

ஆவணம் எங்கே இருக்கும் என்பது இதைப் பொறுத்தது. நம் ஊரில் தத்து என்பது ஒரே வழியில் நடந்ததல்ல.

சொந்தத்துக்குள்ளோ தெரிந்தவர்களிடமிருந்தோ நேரடியாகத் தத்து எடுத்திருந்தால் அது 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி நடந்திருக்கும். அங்கே மையமும் கிடையாது, கோப்பும் கிடையாது. தத்துப் பத்திரம் பதிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். சொத்துப் பத்திரங்கள் உள்ள ஒன்றாம் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, வில்லங்கச் சான்றிலும் வராது. நான்காம் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்திலிருந்து எல்லோருக்கும் நகல் தர மாட்டார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்படி உரிமை கோருபவருக்கும்தான் தருவார்கள். தத்துப் பிள்ளையாகிய நீங்கள் அதன்படி உரிமை கோருபவர்தான். அடையாள அட்டையோடு மனுவில் அதைத் தெளிவாக எழுதுங்கள். கொடுத்தவர், எடுத்தவர் இருவர் கையெழுத்தும் அதில் இருக்கும் என்பதால் இந்த ஒரு காகிதத்திலேயே பலருக்குத் தேடல் முடிந்துவிடும்.

மையத்திலிருந்து இந்துக் குடும்பத்துக்குப் போன பழைய பிள்ளைகளுக்கு, அந்தச் சட்டத்தின் 9(4) பிரிவில் மையத்தின் நிர்வாகி நீதிமன்ற அனுமதியோடு கொடுத்திருப்பார். பெற்றோர் யாரென்று தெரியாத, அல்லது கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பாளர் இப்படித் தத்துக் கொடுக்க வழி செய்தது 1962 திருத்தம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் வெளிநாட்டவருக்கும் அன்றைக்கு 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி காப்பாளர் உத்தரவுதான் கிடைத்தது. 2000க்குப் பிறகு இளைஞர் நீதிச் சட்டப்படியும் தத்துக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே உத்தரவு போடுகிறார். அவர் உத்தரவு போட்ட பிள்ளைகள் பலர் இன்னும் சின்னவர்கள், அவர்களுக்கு இப்போதைக்கு இது போதும்.

அப்புறம் தொட்டில் குழந்தைகள், அதாவது வளர்க்க முடியாதவர்கள் அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போன பிள்ளைகள். 1992இல் சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்து, பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்த திட்டம் அது. முதலில் வந்த பிள்ளைகள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். தொட்டிலில் விட்டுப்போனால் பெற்றவர் பெயர் இருக்காது என்று அவர்கள் தேடாமலே இருந்துவிடுகிறார்கள். பெயர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பிள்ளையை எடுத்தவர் வரவு எழுதியிருப்பார். சில தாய்மார் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடவில்லை, நேரில் வந்து கொடுத்துவிட்டும் போயிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி

மையத்திலிருந்து ஒரே ஒரு காகிதம்தான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்கலாம் என்று என்னிடம் கேட்டால், சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் வரி என்பேன். நீளமான தடித்த நோட்டு. இடது ஓரத்தில் வரிசை எண். அடுத்து தேதி, நேரம், கொண்டுவந்தவர், உத்தேச வயது, எடை, அங்க அடையாளம், உடுத்தியிருந்தது, கூட இருந்த பொருள், வாங்கியவர் கையெழுத்து. வலது கோடியில் பிள்ளை வெளியே போன தேதியும் காரணமும். நான் எழுதும்போது 'கூட இருந்த பொருள்' கட்டத்தைக் காலியாக விடவே மாட்டேன். சேலையின் நிறத்தையாவது எழுதுவேன். தொப்புள்கொடி எதைக் கொண்டு கட்டியிருந்தது என்றுகூட எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கிளிப்பா வீட்டு நூலா என்பதில் பிரசவம் எங்கே நடந்தது என்ற விஷயம் இருக்கிறது.

அந்த வரிசை எண்தான் உங்கள் கோப்புக்கும் எண்ணாக இருக்கும், அல்லது கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். கோப்புக்குள் என்னவெல்லாம் இருக்கும்? குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, போட்டோ, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, வளர்க்க வந்தவர்களின் குடும்ப ஆய்வு அறிக்கை. பெற்றவரே ஒப்படைத்திருந்தால் ஒப்படைப்புப் பத்திரம் இருக்கும், சரண்டர் பத்திரம் என்று சொன்னால்தான் பல அலுவலகங்களில் புரியும். இன்றைய சட்டப்படி அதைக் குழு முன்னால் எழுதி, மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். கண்டெடுத்த குழந்தை என்றால் போலீஸ் நிலையத்தின் கடிதமோ முதல் தகவல் அறிக்கையோ இருக்கும், "பெற்றோர் இருந்தால் அணுகவும்" என்று பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தின் நறுக்கும் இருக்கும்.

நறுக்கு தொலைந்துபோயிருந்தாலும் தேதி தெரிந்தால் பத்திரிகையைத் தேடிவிடலாம். சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு நாட்டில் அச்சாகும் பத்திரிகைகள் சட்டப்படி வந்து சேர வேண்டும். அந்த விளம்பரத்தில் உங்கள் கைக்குழந்தைப் படம் இருக்கக்கூடும். பலருக்கு அதுதான் முதல் படம்.

மனு எழுதுவது

காராவின் கேரிங்ஸ் தளத்தில் ரூட் சர்ச் விண்ணப்பத்தைப் பதியுங்கள். அதே நாளில் உங்கள் மையம் இருந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் மையத்துக்கும் காகிதத்தில் ஒரு மனு கொடுங்கள். டெல்லியில் பதிந்தது மாநிலம் வழியாக மாவட்டத்துக்கு வரும், அங்கிருந்து மையத்துக்குப் போகும். மனு ஏற்கெனவே அங்கே இருந்தால் தேடும் ஆளுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். பாதுகாப்பு அலுவலகம் பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டு வருவதால் பலன் இல்லை, அதிகாரி மாறினால் நீங்கள் வந்த தடமே இருக்காது.

மனு இப்படி இருந்தால் போதும்:

"நான் ........ ஆண்டு ........ மையத்திலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டேன். மையத்தில் என் பெயர் ........ . தத்து உத்தரவு எண் ........ , நீதிமன்றம் ........ . எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022இல் உள்ள ரூட் சர்ச் விதியின்படி, என்னைப் பற்றிய கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களைக் கோருகிறேன்: சேர்க்கைப் பதிவேட்டில் என் பதிவு, குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கைகள், ஒப்படைப்புப் பத்திரம் அல்லது காவல் நிலையக் கடிதம், குழந்தைகள் நலக் குழு உத்தரவு, பத்திரிகை விளம்பரம், புகைப்படங்கள். பெற்றவர்களின் பெயர், முகவரி உள்ள இடங்களை மறைத்துத் தருவதில் எனக்கு இப்போதைக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களின் சம்மதத்தை விதிப்படி கேட்டு முடிவைத் தெரிவிக்கவும். ஏதேனும் ஆவணம் இல்லையென்றால், அது எப்போது, எந்த உத்தரவின்படி அழிக்கப்பட்டது அல்லது யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி மூன்று வாக்கியங்களுக்காகத்தான் இதை முழுதாக எழுதிக் காட்டினேன். மறைத்துத் தரலாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் ரகசியம் என்ற ஒற்றைச் சொல்லால் முழுக் கோப்பையும் மூட முடியாது. 'இல்லை' என்பதை எழுத்தில் கேட்டால், நிஜமாகவே ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். நான் வேலை பார்த்த நாளில், வாயால் கேட்டால் 'இல்லைம்மா' என்று போய்விட்ட காகிதங்கள் எழுத்தில் கேட்டதும் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பரணில் ஏறித் தூசி தட்ட ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடையாள அட்டை, தத்து உத்தரவு இரண்டின் நகலையும் இணையுங்கள். பழைய தடுப்பூசி அட்டையின் நகலும் இருந்தால் நல்லது. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நீதிமன்றக் கட்டு

மையம் மூடிப்போயிருந்தால் இதுதான் அடுத்த கதவு. மூடாவிட்டாலும் கேட்கலாம், ஏனென்றால் மனுவோடு சேர்த்துக் குழந்தையின் அறிக்கை, ஒப்படைப்புப் பத்திரத்தின் நகல் எல்லாம் நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்கும். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சென்னை நகரத்து மனுக்கள் பல உயர் நீதிமன்றத்தில். ஓ.பி. எண்ணும் (உத்தரவில் உள்ள மனு எண்) ஆண்டும் கையில் இருந்தால் நகல் பிரிவில் மனுப் போடலாம். வழக்கில் மைனராகச் சொல்லப்பட்டவரே நீங்கள்தான் என்று எழுதுங்கள். அந்நிய நபர் கேட்பதாக எடுத்துக்கொண்டால் காரணம் காட்டிப் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். அதற்கு ஒரு வக்கீலை வைத்துக்கொள்வதே நல்லது.

பழைய கட்டுகளில் உத்தரவை வைத்துக்கொண்டு துணை ஆவணங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவதுண்டு. அப்படியென்றால் சோர்ந்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தத்து மனுக்களில் இந்தியக் குழந்தைகள் நலச் சங்கத்துக்கோ இந்தியச் சமூக நலச் சங்கத்துக்கோ அறிவிப்பு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று பாண்டே வழக்கில் சொல்லியிருந்தார்கள். உத்தரவின் உடலில் அந்த ஆய்வு முகமையின் பெயர் வரும். அவர்களிடமும் ஒரு பிரதி இருக்கலாம்.

பிறப்புப் பதிவு

உங்களிடம் உள்ள பிறப்புச் சான்றில் வளர்த்தவர்கள் பெயர்தான் பெற்றோராக இருக்கும். அதில் பிறந்த தேதிக்குக் கீழே பதிவு செய்த தேதி என்று ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கோ வருடக்கணக்கோ இடைவெளி இருந்தால் அது தத்து உத்தரவை வைத்துப் பதிந்தது. அப்படியென்றால் நீங்கள் பிறந்தபோது வேறொரு பதிவு நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். இடைவெளி சில நாள்தான் என்றால் பிறந்தபோதே பதிந்து பிறகு திருத்தியிருக்கலாம். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி திருத்தத்தை ஓரத்தில்தான் எழுத வேண்டும், மூலப் பதிவை அழிக்கக் கூடாது. 17ஆம் பிரிவு பதிவேட்டைத் தேடச் சொல்லவும் அதிலிருந்து சான்று வாங்கவும் இடம் தருகிறது. தேடுதல் கட்டணம் சிறு தொகைதான்.

நகரம் என்றால் மாநகராட்சி, நகராட்சி சுகாதாரப் பிரிவு. கிராமம் என்றால் பழைய பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். தாய் பெயர் தெரியாமல், தேதியும் பாலினமும் ஆஸ்பத்திரியும் மட்டும் சொல்லித் தேடச் சொல்லலாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் பல பெண் குழந்தைகள் பிறக்கும். பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்ததும் 'இவர்தான்' என்று முடிவு செய்து கிளம்பிவிடாதீர்கள். வேறொரு ஆதாரம் ஒத்துப்போக வேண்டும். கண்டெடுத்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியே டாக்டர் உத்தேசமாகச் சொன்னதுதான், அவர்களுக்கு இந்த வழி அநேகமாக உதவாது. பதிவு இல்லை என்றால் பதிவு இல்லாமைச் சான்று கேட்டு வாங்குங்கள். அதுவும் ஒரு விடைதான்.

கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் வேண்டும் என்று வருகிறவர்கள் நிறைய. பிறப்புச் சான்றில் நேரம் இருக்காது. ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுப் பதிவேட்டில் இருக்கும். மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் கேட்க வேண்டும். கோப்பில் தாயின் உள்நோயாளி எண் இருந்து, அதை உங்களுக்குத் தர முடியாது என்றால், "நேரம், எடை, பிரசவ விவரம் மட்டும் கேட்டு வாங்கித் தாருங்கள்" என்று மையத்தையே எழுதச் சொல்லலாம். பரம்பரை நோய் விவரத்துக்கும் இதே வழிதான். சர்க்கரை, இதய நோய் என்று டாக்டர் கேட்கும்போது சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்கிற தவிப்பைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருத்துவக் காரணம் இருந்தால் மனுவில் முதல் வரியிலேயே எழுதுங்கள், டாக்டரின் கடிதத்தையும் இணையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் எதற்கு

அம்மா பெயரைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தனிநபர் விவரம் என்று 8ஆம் பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். அதை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். மூடிப்போன மையத்தின் பதிவேடுகள் எங்கே என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: இந்த மையத்தின் பதிவு எப்போது முடிந்தது, பதிவேடுகளும் கோப்புகளும் எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன, ஒப்படைப்புப் பட்டியலின் நகல். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கேள்விகள் பொருட்களைப் பற்றியவை என்பதால் தனிநபர் என்ற பேச்சே எழாது.

வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு

தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். சுவீடன், நெதர்லாந்து, டென்மார்க் என்று போன பிள்ளைகள் காரா வழியாகவோ அங்குள்ள முகமை, தூதரகம் வழியாகவோதான் வர வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே கறையான் தின்றுவிட்ட காகிதத்தின் பிரதி பல சமயம் அங்கே பத்திரமாக இருக்கும், ஏனென்றால் அந்த நாட்டில் தத்து முடிக்கவும் விசா வாங்கவும் எல்லாவற்றையும் கொடுத்திருப்பார்கள். முதலில் அந்த நாட்டின் முகமையிடமும் அரசு ஆவணக் காப்பகத்திடமும் முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டையும் தேடுங்கள்.

கோப்பில் எழுதியதெல்லாம் உண்மை என்றும் நம்பிவிட முடியாது. சென்னையின் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் பொய்க் காகிதத்தோடு வெளிநாடு போனது 2005இல் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. ஒப்படைப்புப் பத்திரத்தில் சாட்சிகளின் கையெழுத்து ஒரே கையில் இருப்பது, ஒரே வாசகம் பல பிள்ளைகளின் கோப்பில் வருவது, தேதிகள் முன்பின்னாக இருப்பது போன்றவை கண்ணில் பட்டால் காராவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள்.

"ஊருக்குப் போய் நான் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். மூன்றாம் நபர் ரூட் சர்ச் செய்ய விதியில் இடமில்லை. மொழிபெயர்க்கவும் கூட வரவும் ஆள் வைத்துக்கொள்ளலாம், மனு உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் இருப்பவர்

ஊர் பெயர் மட்டும் தெரிந்துவிட்டது என்று நேரே போய் டீக்கடையில் விசாரிக்கக் கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்படைத்தவர்களில் பலர் அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்கள். இன்று அவர்களுக்குக் கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஒரு விசாரிப்பு அவர்கள் வாழ்க்கையையே புரட்டிப்போடும். நாங்கள் சம்மதம் கேட்கப் போனால் வீட்டுக்குப் போக மாட்டோம், கடிதமும் போட மாட்டோம். வேலை செய்யும் இடத்திலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ தனியாகப் பார்ப்போம். அப்படி ஒருமுறை பேருந்து நிலையத்து ஓட்டலில் உட்கார்ந்து பேசிய ஒரு தாய், பார்க்க வர முடியாது என்று சொல்லிவிட்டு, பிள்ளை என்ன படித்திருக்கிறது, பல் எடுப்பாக இருக்கிறதா என்று கேட்டார். அவர் வீட்டில் எல்லோருக்கும் அப்படியாம். அனுமதி கேட்டு அதை எழுதிக்கொண்டு வந்தேன், அந்தப் பிள்ளையிடம் படித்துக் காட்டினேன்.

அதனால் சம்மதம் கேட்கப் போகும் சமூகப் பணியாளரிடம் வெறும் ஆமா, இல்லையோடு திரும்ப வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். குடும்பத்தில் என்ன நோய் உண்டு, கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா, ஏன் கொடுத்தார், இப்போது இல்லாவிட்டாலும் பின்னால் எப்போதாவது பேசச் சம்மதமா என்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் கடிதம் ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். நலமாக இருக்கிறீர்கள், குற்றம் சொல்ல வரவில்லை, பணம் சொத்து எதுவும் கேட்கவில்லை என்பது அதில் இருக்கட்டும். அங்கே படிக்கத் தெரியாதவராக இருந்தால் வாசித்துக் காட்டுவார்கள், அதனால் எளிய வாக்கியமாக எழுதுங்கள்.

மறுத்துவிட்டாலோ, ஆளைக் காண முடியவில்லை என்றாலோ, அந்தக் கடிதத்தையும் உங்கள் தற்போதைய முகவரியையும் கோப்பிலேயே வைத்து, வைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். பெற்றவரும் மனம் மாறிப் பல வருடம் கழித்து மையத்துக்கு வருவதுண்டு, கூடப் பிறந்தவர் வருவதும் உண்டு. அன்றைக்கு அலமாரியைத் திறப்பவர் புதியவராக இருப்பார், கோப்பில் இருப்பதை மட்டும் பார்த்துத்தான் உங்களைத் தேடுவார். வீடு மாறினாலும் போன் நம்பர் மாறினாலும் மையத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், கோப்பு எண்ணை மேலே குறிப்பிட மறக்காதீர்கள்.